இருபத்தைந்து ஊடைப் பேச்சு

"நாப்பத்தெட்டு செகண்டு" என்றான் ஜெயவேல், கைக்கடிகாரத்தைப் பார்த்தபடி. "லிஃப்ட் அஞ்சாவது மாடியத் தாண்டி, மொட்டை மாடியப் பொத்துகினு மேல போயிடுச்சு மாமா. நீங்க இன்னும் உங்க அப்பா பேர்லயே நின்னுகினு கீறீங்க."

தறிக்குழிக்குள் காலைத் தொங்கவிட்டு உட்கார்ந்திருந்த லோகநாதன் துண்டால் நெற்றியைத் துடைத்துக்கொண்டார்.

"அப்பா பேரைச் சொல்லாம எப்படிடா பேச ஆரம்பிக்கிறது? யாரு வூட்டுப் புள்ளைன்னு அந்த மனுஷனுக்குத் தெரிய வேணாமா?"

"அவருக்கு எதுக்கு மாமா தெரியணும்? உங்களுக்குப் பொண்ணா குடுக்கப் போறாரு?"

அடுப்படியிலிருந்து ராஜம்மாள் சிரிக்கும் சத்தம் கேட்டது. லோகநாதன் சிரிக்கவில்லை. வாழ்நாளில் அவர் மொத்தமாகப் பேசியதை எழுதினால் ஒரு நாற்பது பக்க நோட்டு நிரம்பாது. அப்படிப்பட்ட ஆளைப் பிடித்து, பேசு என்றால் எங்கே போவார்?

ஆனால் பேசித்தான் ஆக வேண்டும். முப்பத்திரண்டு வருஷம் மிதித்ததில் அவருக்கு இரண்டு முட்டியும் தேய்ந்து போயிருந்தன. உட்கார்ந்தால் எழ முடியாது, எழுந்தால் உட்கார முடியாது. "இந்தப் பாவோட நிறுத்திக்குங்க, இதுக்கு மேல மிதிச்சா நீங்க நடக்கிறதுக்கு இன்னொருத்தர் கால்தான் வேணும்" என்று ஆஸ்பத்திரியில் சொல்லிவிட்டார்கள். தறியில் ஏறியிருந்த பாவு நூல் இன்னும் ஒரே ஒரு புடவைக்கு வரும். அதற்குப் பிறகு அரிசி மில்லில் வாட்ச்மேன் வேலை. அங்கே பன்னிரண்டு மணி நேரம் நிற்க வேண்டும். நிற்பதை நினைத்தாலே முட்டி முனகியது.

வாட்ச்மேன் வேலைக்குப் போகாமல் இருக்க ஒரே வழி, ராஜம்மாளின் விரல்கள்.

பட்டுப் புடவையை எலி கடிக்கட்டும், ஆணி இழுக்கட்டும், ஊதுவத்தி பொசுக்கட்டும். ராஜம்மாள் அதே நிறத்துப் பட்டு இழையை ஊசியில் கோத்து, நீளத்துக்குப் போகும் பாவை ஒவ்வொன்றாக ஓட்டி, குறுக்கே போகும் ஊடையை ஒவ்வொன்றாக நுழைத்து, அந்த ஓட்டையை நெய்தே மூடிவிடுவாள். மூடின பிறகு, அங்கே ஓட்டை இருந்தது என்று ஓட்டைக்கே மறந்து போகும். ஆனால் ஆரணியில் எத்தனை எலிதான் எத்தனை புடவையைக் கடிக்கும்? இரண்டு மாதத்தில் மூன்று புடவை வந்தது.

அப்போதுதான் ராஜம்மாளின் தம்பி ஜெயவேல், வேலூரில் மூன்று நாள் சுயதொழில் பயிற்சி முடித்து, ஒரு ஃபைலும் ஒரு சர்டிஃபிகேட்டுமாக வந்து இறங்கினான். எஸ்.டி.டி. பூத்தில் உட்கார்ந்து ஊரார் பேசுவதை ஓசியில் கேட்டே வளர்ந்தவன். பேச்சைப் பற்றி அவனுக்கு மரியாதை அதிகம்.

"மெட்ராஸ்ல தி.நகர்ல அஞ்சு மாடிப் பட்டுக்கடை. சேதாரமான புடவைய ஒரு ரூம் நிறைய போட்டு வெச்சிருக்காங்களாம். விக்கவும் முடியாது, வீசவும் முடியாது. சரக்கு ஏத்திகினு போற வேன் டிரைவர் சொன்னாரு. அந்த முதலாளிய மட்டும் புடிச்சுட்டா அக்கா கைக்கு வருஷம் பூரா வேலை."

"போய்ப் பார்த்தா ஆச்சு" என்றாள் ராஜம்மாள்.

"பார்க்க விட மாட்டாங்க. காலையில பத்து மணிக்குக் கார்ல வந்து இறங்குவாரு. லிஃப்ட்ல ஏறி அஞ்சாவது மாடி ஆபீசுக்குப் போயிடுவாரு. அப்புறம் அந்த ஆண்டவனே வந்தாலும் சீட்டு எழுதிக் குடுத்துட்டு வெளியதான் உக்காரணும். லிஃப்ட் மேல போற முப்பது செகண்டுதான் நமக்கு நேரம். நீங்க யாரு, இன்னா செய்றீங்க, அதனால அவருக்கு இன்னா லாபம், மூணையும் அதுக்குள்ள சொல்லிடணும். இதுக்குன்னே தனியா ஒரு கிளாஸ் எடுத்தாங்க வேலூர்ல."

"முப்பது செகண்டுல எனக்குத் தும்மல் கூட முழுசா வராதேடா" என்றார் லோகநாதன்.

அப்படி ஆரம்பித்ததுதான் இந்த ஒத்திகை.

முதலில் ஜெயவேல் பேச்சை நோட்டில் எழுதினான். லோகநாதன் அறிவொளி வகுப்பில் முப்பத்தைந்து வயதுக்கு மேல் எழுத்துக் கற்றவர். எழுத்தின்மேல் விரலை வைத்து, ஆட்டை ஓட்டிப் போவதுபோல ஒவ்வொன்றாக ஓட்டிக்கொண்டுதான் படிப்பார். படித்துவிட்டு, விட்டுப் போனதையெல்லாம் சேர்த்தார். அப்பா துரைசாமி பேர், தெருப் பேர், முப்பத்திரண்டு வருஷ நெசவு, முட்டி வலி. ராஜம்மாள் தன் பங்குக்கு, "படவேட்டு ரேணுகாம்பாள் புண்ணியத்துலன்னு முதல்ல சொல்லுங்க" என்றாள்.

சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து காதைக் கொடுத்திருந்த அடுத்த வீட்டுப் பொன்னியம்மாள் நேரிலேயே வந்துவிட்டாள்.

"லோகு, இந்தத் தெருவுல யாரக் கேட்டாலும் ராஜம்மா கைய பத்தி சொல்லுவாங்க, வேணும்னா பொன்னியம்மாளக் கேளுங்கன்னு ஒரு வார்த்த சேத்துக்கோ. சாட்சி வேணும் இல்ல?"

"மெட்ராஸ்காரர் உங்கள எங்க வந்து கேப்பாரு அக்கா?"

"இன்னா இப்பிடிச் சொல்ற? ஜெயவேலு பூத்துக்குப் போன் பண்ணா நான் வந்து பேச மாட்டனா?"

பேச்சு நாற்பத்தெட்டு செகண்டு ஆனது இப்படித்தான்.

"எறக்கிடலாம்" என்றான் ஜெயவேல், பென்சிலை எடுத்து. "ஒவ்வொருத்தரா எறக்கினாத்தான் லிஃப்ட் ஏறும். பொன்னியம்மாக்கா முதல் மாடியில எறங்கிக்கட்டும்."

"ஏண்டா, ஏறினதுமே எறக்கறியே!"

"உங்க அப்பா ரெண்டாவது மாடி, மாமா."

"அவருக்கு மாடின்னாலே மயக்கம்டா" என்று லோகநாதன் முனகினார்.

"ரேணுகாம்பாள்..."

ராஜம்மாள் கரண்டியோடு வெளியே வந்து, கன்னத்தில் போட்டுக்கொண்டு, தம்பியை முறைத்தாள். "அம்மன எறங்கச் சொல்ற வாயில..."

"அம்மன் எங்கக்கா எறங்குது? அது மாமா மனசுலயே இருக்கும். வாயில வந்தா நாலு செகண்டு ஆவுது."

கடைசியில் முட்டி வலியும் இறங்கிக்கொள்ள, பேச்சு முப்பது செகண்டுக்கு வந்தது. அடுத்த கஷ்டம், நேரம். கடிகாரத்தைப் பார்த்தால் பேச்சு மறந்தது. பேச்சை நினைத்தால் கடிகாரம் ஓடியது. லோகநாதனுக்கு ஒரு யோசனை தோன்றியது. செகண்டு முள் அவருக்குப் பழக்கமில்லாதது. தறி பழக்கமானது. ஒரு தரம் மிதித்து, ஊடை நூல் சுற்றின நாடாவைக் குறுக்கே வீசினால் ஒரு ஊடை. அவர் வேகத்துக்கு முப்பது செகண்டு என்பது இருபத்தைந்து ஊடை.

"நீ கெடியாரத்த வெச்சுக்கோ. நான் தறியில கணக்கு வெச்சுக்கறேன்" என்றார்.

இது நன்றாக வேலை செய்தது. அதுதான் தப்பாகப் போய்விட்டது. நாலு நாள் தறியில் உட்கார்ந்து மிதித்துக்கொண்டே பேசினார். 'ஐயா வணக்கம்' என்றால் இரண்டு ஊடை. 'ஆரணி லோகநாதன்' மூன்று ஊடை. 'எலி கடிச்ச புடவை' நாலு. இருபத்தைந்தாவது ஊடை விழும்போது கடைசி வார்த்தையும் விழும். ஒரு இழை கூடாது, குறையாது.

ஐந்தாம் நாள் ஜெயவேல், "எங்க, எழுந்து நின்னு சொல்லுங்க" என்றான்.

லோகநாதன் எழுந்தார். நின்றார். வாயைத் திறந்தார். காற்றுதான் வந்தது.

"மாமா?"

"இருடா... வருது..."

வரவில்லை. சட்டென்று லோகநாதனின் வலது கால் தரையில் ஒரு மிதி மிதித்தது. "ஐயா வணக்கம்!" என்றது வாய். இடது கால் மிதித்தது. "ஆரணி லோகநாதன்!"

வாசலில் நின்ற பொன்னியம்மாள், "ஐயையோ, இவனுக்கு எதுவோ புடிச்சுகிச்சு" என்று இரண்டடி பின்னால் போனாள்.

காலை நிறுத்தினால் வாய் நின்றது. வாயை ஓட்டினால் காலும் ஓடியது. இரண்டையும் பிரிக்க ஜெயவேல் என்னென்னவோ செய்து பார்த்தான். நாற்காலியில் உட்காரவைத்துக் காலைப் பிடித்துக்கொண்டான். கை நாடா வீச ஆரம்பித்து அவன் மூக்கில் பட்டது. முடிவில் ஒரு சமாதானத்துக்கு வந்தார்கள். லோகநாதன் செருப்புக்குள் கட்டைவிரலை மட்டும் ஆட்டிக்கொள்ளலாம்.

"பேச்சு மட்டும் பத்தாது. கையோட சாம்பிள் காட்டணும்" என்றான் ஜெயவேல்.

சாம்பிளுக்குப் பஞ்சமில்லை. லோகநாதன் போன மாதம் ஒரே பாவில் மூன்று புடவை நெய்து அறுத்திருந்தார். மூன்றும் மயில்கழுத்து நிறம், அரக்குக் கரை. ஒன்றைக் காஞ்சிபுரத்துக் கடைக்காரர் எடுத்துப் போனார். ஒன்றைப் பொன்னியம்மாள் தன் மகன் நிச்சயதார்த்தத்துக்கு என்று நெசவு முதலாளி வீட்டிலேயே போய்க் கேட்டு வாங்கிக்கொண்டாள். மூன்றாவதை எலி எடுத்துக்கொண்டது. ஒரு ரூபாய்க் காசு அகலத்துக்கு ஓட்டை. 'எலிக்குக் கட்டிக் குடு' என்று முதலாளி அதை லோகநாதனிடமே திருப்பிவிட்டார். ராஜம்மாள் மூன்று நாள் உட்கார்ந்து அதை ஓட்டி மூடியிருந்தாள்.

"எடு அக்கா, பார்க்கலாம். எங்க அந்த இடம்?"

ராஜம்மாள் புடவையை விரித்தாள். "இங்கதான்..." என்று தடவினாள். "இல்ல, இன்னும் கொஞ்சம் தள்ளி..."

டியூப் லைட்டுக்குக் கீழே மூன்று பேரும் புடவையைப் பிடித்துக்கொண்டு அரை மணி நேரம் தேடினார்கள். ஓட்டையைக் காணோம்.

"ஓட்டினது நீதானே அக்கா?"

"நான்தான் ஓட்டினேன். தெரியக் கூடாதுன்னுதானே கண்ணு வலிக்க ஓட்டினேன்? இப்போ தெரியலன்னு என்கிட்டயே கோச்சுகினா?"

"நமக்கே தெரியலன்னா அவருக்கு இன்னாத்தக் காட்டறது? ஓட்டையே இல்லாத புடவையக் காட்டி, இங்க ஓட்டை இருந்துச்சுன்னு சொன்னா, அதச் சொல்றதுக்கு உன்ன மாதிரி ஆளு எதுக்கு? நானே போதுமே!"

கடைசியில் ராஜம்மாள் கண்ணை இறுக மூடிக்கொண்டு, விரல் நுனியால் முந்தியிலிருந்து தடவிக்கொண்டே வந்து, முந்தி தாண்டி இரண்டு சாணில், இடது கரை ஓரம் நின்றாள். "இதோ." அந்த இடத்தில் ஒரு வெள்ளை நூலைக் கோத்து இரண்டு முடிச்சுப் போட்டாள். "இது அவிழாது. பல்லால கடிச்சாத்தான் வரும். அவருகிட்ட இந்த நூலக் காட்டி, இங்கதான்னு சொல்லுங்க."

"முந்தியில குஞ்சம் இல்லாம மொட்டையா கீதே" என்றான் ஜெயவேல். "சாம்பிள் சும்மா ஜம்முனு இருக்கணும். வேலூர்ல சொன்னாங்க."

பொன்னியம்மாளும் தன் புடவைக்குக் குஞ்சம் முடிந்து தரச் சொல்லிக் கொடுத்துவிட்டுப் போய் ஒரு வாரம் ஆகியிருந்தது. தினம் இரண்டு தரம் சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து, "ஆச்சாடி?" என்று கேட்டுக்கொண்டிருந்தாள். ராஜம்மாள் ஒரே மூச்சில் உட்கார்ந்து இரண்டையும் முடித்துப் பெட்டிமேல் வைத்தாள்.

புறப்படும் நாள் விடியற்காலை வீடு அமளிப்பட்டது. லோகநாதன் சாம்பிளை மஞ்சள் பையில் போட்டு எடுத்துக்கொண்டு வாசலுக்கு வந்துவிட்டார். ஜெயவேல் தலையில் அடித்துக்கொண்டான்.

"மாமா! மஞ்சப்பையோட போனா கல்யாணப் பத்திரிகை வைக்க வந்திருக்காங்கன்னு நினைப்பாங்க. குடுங்க." பையைப் பிடுங்கி, புடவையைப் பெட்டிமேல் போட்டுவிட்டு, பயிற்சியில் கொடுத்த ரெக்சின் பையைத் தேடி எடுத்துவந்தான். அதற்குள் ராஜம்மாள் திருநீற்றோடு ஓடி வந்தாள். "பஸ்சு போயிடும், ஜல்தி, ஜல்தி!" ஜெயவேல் புடவையை மடிப்புக் கலையாமல் ரெக்சின் பைக்குள் வைத்து ஜிப்பை இழுத்தான். லோகநாதன் கட்டைவிரலை ஒரு தரம் ஆட்டிப் பார்த்துக்கொண்டு கிளம்பினார்.

அவர் தலை தெருமுனையில் மறையும்போது, கண்ணமங்கலத்துக்குப் பெண் வீட்டுக்குப் போகக் கிளம்பின பொன்னியம்மாள் வந்து, குஞ்சம் கட்டின தன் புடவையை வாங்கிக்கொண்டு போனாள்.

மெட்ராஸ் கடை, டிரைவர் சொன்னதைவிடப் பெரியதாக இருந்தது. லிஃப்டுக்கு முன்னால் காக்கிச் சட்டையில் ஒரு ஆள் ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருந்தார். சட்டையில் அன்பழகன் என்று பேர் குத்தியிருந்தது. லோகநாதன் எழுத்தெழுத்தாக அதை ஓட்டி முடிப்பதற்குள் அவரே கேட்டுவிட்டார்.

"இன்னா பெரியவரே, சட்டையவே பாத்துகினு கீறீங்க? இது முதலாளி மட்டும் போற லிஃப்ட். புடவை வாங்கணும்னா அந்தப் பக்கம் படி."

"படி ஏற முட்டி இல்லீங்க. ஆரணியிலேருந்து வர்றேன்."

"ஆரணியா?" அன்பழகன் எழுந்தே விட்டார். "நான் வெம்பாக்கம்யா! செய்யாறு பஸ்சு இன்னும் அப்பிடியேதான் நசுங்கிகினு போவுதா?"

ஊர்ப்பேச்சில் ஐந்து நிமிஷம் போனது. அதற்குள் லோகநாதன் விஷயத்தையும் சொல்லிவிட்டார். சொல்லும்போது அவர் கால் ஆடவில்லை என்பதை அவரே கவனிக்கவில்லை.

"சரி, உள்ள போயி ஓரமா நில்லுங்க. நான் உங்களப் பார்க்கல. கேட்டா, நீங்களா ஏறிட்டீங்க."

சரியாகப் பத்து மணிக்கு முதலாளி வந்தார். வெள்ளைச் சட்டை, ஒரு கையில் செல்போன், இன்னொரு கையில் சாவிக்கொத்து. ஓரத்தில் இருந்தவரை ஒரு பார்வை பார்த்தார். அன்பழகன் உள்ளே வந்து பொத்தானை அழுத்தினார். கதவு மூடியது. லிஃப்ட் கிளம்பியது.

முதல் மாடி போனது. லோகநாதன் ரெக்சின் பையைக் கட்டிப் பிடித்துக்கொண்டு நின்றார். இரண்டாவது மாடி. அன்பழகன் இருமிக் காட்டினார். கட்டைவிரல் ஆடியது. போதவில்லை. குதிகால் ஆடியது. அப்புறம் முழுக் காலும் கிளம்பிவிட்டது.

"ஐயா வணக்கம்!" தடக். "ஆரணி லோகநாதன்!" தடக். "எலி கடிச்ச புடவை, ஆணி கிழிச்ச புடவை உங்க கடையில இருக்கும். விக்கவும் முடியாது, வீசவும் முடியாது!" தடக், தடக். "எங்ககிட்ட குடுங்க. இழைக்கு இழை ஓட்டி மூடிக் குடுப்போம். ஓட்டின இடம் உங்க கண்ணுக்கே தெரியாது." தடக். "தெரிஞ்சா கூலி வேணாம்!"

கால் இரட்டை வேகத்தில் ஓட, இருபத்தைந்தாவது மிதியில் கடைசி வார்த்தை விழுந்தது. அதே நொடியில் லிஃப்ட் ஒரு குலுக்குக் குலுக்கி நின்றது. விளக்கு அணைந்தது.

"யோவ்! இன்னாய்யா பண்ணே?" இருட்டில் முதலாளியின் குரல்.

"பேசினேங்க."

"ஆடினியேய்யா!"

"கரண்டு போச்சு சார்" என்றார் அன்பழகன், டார்ச்சைப் போட்டு. "இவரு ஆடினதுக்கு ஒண்ணும் இல்ல."

"ஜெனரேட்டர் இன்னாச்சு?"

"டீசலு வாங்கப் போயிருக்கான் சார். இருவது நிமிஷம் ஆவும்."

முதலாளி செல்போனைப் பார்த்தார். அதில் சிக்னல் இல்லை. லோகநாதனைப் பார்த்தார். அவரிடம் பேச்சு இல்லை. எட்டு நாள் ராப்பகலாக வெட்டி வெட்டி முப்பது செகண்டுக்குக் கொண்டு வந்த பேச்சு முடிந்துவிட்டது. இன்னும் இருபது நிமிஷம் இருந்தது. ஜெயவேலின் நோட்டில் இதற்கு ஒரு வரி கூடக் கிடையாது.

அப்போதுதான், இறக்கிவிட்டவர்கள் எல்லாம் ஒவ்வொருவராக லிஃப்டில் ஏறினார்கள்.

"எங்கப்பா பேரு துரைசாமிங்க" என்றார் லோகநாதன் மெதுவாக. "அவருக்கு மாடின்னாலே மயக்கம்." பிறகு தெரு வந்தது. முப்பத்திரண்டு வருஷம் வந்தது. முட்டி வந்தது. படவேட்டு ரேணுகாம்பாள் வந்தாள். வேண்டுமானால் கேட்டுப் பார்க்க, போன் நம்பரோடு பொன்னியம்மாளும் வந்தாள்.

முதலாளி எல்லாவற்றையும் கேட்டார். கேட்காமல் எங்கே போவார்?

"அது சரி, பேசும்போது எதுக்கு அப்பிடி மிதிச்சே?"

"தறியில உக்காந்து மனப்பாடம் பண்ணதுங்க. மிதிச்சாத்தான் வாய் வரும்."

இருட்டில் முதலாளி சிரித்தார். முதலில் மூக்கால், அப்புறம் வயிற்றால். அன்பழகனும் சிரித்தார், சம்பளம் கொடுப்பவர் சிரித்து முடிக்கும்வரை.

"எங்க தாத்தாவும் தறியில உக்காந்தவருதான்" என்றார் முதலாளி கண்ணைத் துடைத்துக்கொண்டு. "சரி, புடவையக் காட்டு. நேரம் போவணுமே."

லோகநாதன் ஜிப்பை இழுத்தார். புடவையை எடுத்து, முந்தி தாண்டி இரண்டு சாண் அளந்து, இடது கரை ஓரம் பார்த்தார். வெள்ளை நூலைக் காணோம்.

அன்பழகனின் டார்ச்சைக் கிட்டே கொண்டுவரச் சொன்னார். இல்லை. மடிப்பை உதறினார். இல்லை. பஸ்சில் உரசி உரசி விழுந்திருக்கும். கண்ணை மூடி விரலால் தடவினார். மழமழ என்று இருந்தது. ராஜம்மாளின் விரல் அவரிடம் இல்லையே! அரிசி மில் வாசல் கண்ணுக்கு முன்னால் வந்தது. அதில் அவருக்கு ஸ்டூல் கூடப் போடவில்லை.

"எங்கய்யா?"

"இங்கதாங்க" என்று விரலை வைத்தார். "ஒரு ரூபா அகலம். எலி கடிச்சது சத்தியம். ரேணுகாம்பாள்மேல ஆணை. என் வூட்டுக்காரி மூணு நாள் உக்காந்து ஓட்டினதும் சத்தியம்."

முதலாளி சட்டைப் பையிலிருந்து இழை எண்ணும் சின்னக் கண்ணாடியை எடுத்தார். பட்டுக்காரர்கள் அது இல்லாமல் குளிக்கக்கூடப் போக மாட்டார்கள். லிஃப்ட் தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, டார்ச் வெளிச்சத்தில் அந்த இடத்தை இழை இழையாகப் பார்த்தார். மேல்பக்கம் பார்த்தார். திருப்பி உள்பக்கம் பார்த்தார். விட்டுவிட்டு மறுபடி பார்த்தார்.

கரண்டு வந்தது. லிஃப்ட் ஐந்தாவது மாடியில் நின்றது. முதலாளி நிமிரவே இல்லை. புடவையோடு ஆபீசுக்குள் போய், வெளிச்சத்தில் மேஜைமேல் விரித்து, இரண்டு பழைய சேல்ஸ்மேன்களைக் கூப்பிட்டார். அவர்களும் கண்ணாடி வைத்துப் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார்கள்.

"போன வருஷம் மூணு பேரு வந்தாங்க" என்றார் முதலாளி. "இந்தக் கண்ணாடிய வெச்ச உடனே அவனவன் ஒட்டு பல்லக் காட்டுச்சு. இது..." அவருக்கு வார்த்தை வரவில்லை. லோகநாதன், காலை ஆட்டிப் பாருங்க என்று சொல்ல நினைத்து, அடக்கிக்கொண்டார். "இந்த ரூம்ல நாப்பது புடவை கெடக்குது. முதல்ல ஆறு எடுத்துகினு போங்க. அப்புறம் மாசாமாசம் நம்ம வேன் ஆரணிக்கு வரும்."

லோகநாதன் கும்பிட்டார். புடவையை மடிக்கக் கை நீட்டினார்.

"அது இங்கயே இருக்கட்டும். இன்னா வெல ஆவுதோ குடுத்துடறேன். கீழ கண்ணாடிப் பொட்டியில தொங்கவிட்டு, எலி கடிச்ச புடவை, கண்டுபிடிங்கன்னு போர்டு எழுதப் போறேன். நம்ம கடை சர்வீஸ் இன்னான்னு வர்றவங்க பார்க்கட்டும்."

சாயங்காலம் விளக்கு வைக்கும் நேரத்துக்கு லோகநாதன் ஆறு புடவையோடு வீடு வந்து சேர்ந்தார். அன்றைக்கு அவர் பேசியது நாற்பது பக்க நோட்டைத் தாண்டி அட்டைக்கு வந்துவிட்டது. ராஜம்மாள் கண் கலங்கினாள். ஜெயவேல் கை தட்டினான். "நான் சொன்னேன் இல்ல? எல்லாம் பேச்சு!"

"பேச்சு இன்னாடா பேச்சு. உங்கக்கா கை! மூணு பேரு கண்ணாடி வெச்சுப் பார்த்தாங்க. ஒரு இழை கண்டுபிடிக்க முடியல" என்றார் லோகநாதன். "ஒண்ணுதான் பேஜாராப் போச்சு. உன் வெள்ள நூலு பஸ்சுலயே வுழுந்துடுச்சு. கெட்டியா கட்டக் கூடாது?"

"நான் ரெண்டு முடிச்சு போட்டேனே. அது எப்பிடி வுழும்?"

"வுழுந்துடுச்சுன்னா வுழுந்துடுச்சுதான்."

அந்த நேரம் வாசலில் வளையல் சத்தம் கேட்டது. நிச்சயதார்த்தம் முடிந்து கண்ணமங்கலத்திலிருந்து திரும்பின பொன்னியம்மாள், பட்டுப் புடவையை அவிழ்த்து மடித்துக் கைமேல் போட்டுக்கொண்டு, நூல் புடவையில் வந்து நின்றாள். முகமெல்லாம் பூரிப்பு.

"ராஜம்மா, பொண்ணு வூட்டுல நாப்பது பொம்பளைங்கடி. ஒருத்தி விடாம இந்தப் புடவைய புடிச்சுப் புடிச்சுப் பாத்தாளுங்க. உள்பக்கம் திருப்பிகூடப் பாத்தாளுங்க. கண்ணாடி மாதிரி கீது, ஒரு கொற சொல்ல முடியலன்னு சம்மந்தியம்மாவே சொல்லிட்டா. அது கெடக்கட்டும்..." என்று மடிப்பைப் பிரித்து, முந்தி தாண்டி இரண்டு சாணில், இடது கரை ஓரத்தைத் தூக்கிக் காட்டினாள்.

"புத்தம் புதுப் புடவைக்கு நடுவுல எதுக்குடி இந்த வெள்ள நூலக் கட்டி வெச்ச?"